+2 முடித்து விடுதிக்குப் போகும் பிள்ளைகள்: ஜூனுக்குள் கையால் செய்து பழக வேண்டியவை

மீனாட்சிபுரம்_டீச்சர்:
கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் ஜூன் பிறந்தால் கோயமுத்தூர், பொள்ளாச்சி என்று ஒரு பக்கமும் திருச்சூர், கொச்சி என்று மறுபக்கமும் விடுதிக்குப் போய்விடுவார்கள். பரீட்சை முடிந்து அட்மிஷன் வரை கையில் இருப்பது ஏப்ரல், மே. அந்த இரண்டு மாதத்தில் வீட்டிலேயே என்னென்ன பழக்கலாம் என்று பெற்றோருக்குக் கொடுக்க ஒரு தாள் தயாரிக்கிறேன்.

"பொறுப்பாக இரு", "பார்த்துச் செலவு செய்" போன்றவை வேண்டாம். அவை பிள்ளைகள் காதில் விழுந்து விழுந்து தேய்ந்துவிட்டன. எதைச் செய்வது, எவ்வளவு, எங்கே தப்பும், ஏன் தப்பும் என்று எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பெற்றோர் செய்துகாட்டுவது கணக்கில் வராது. பிள்ளை தனியாகச் செய்து முடிக்க வேண்டும். தப்பு செய்தால் வீட்டில் ஒரு படி அரிசி குழையும், ஒரு சட்டை சாயம் போகும், அவ்வளவுதான். அதே தப்பு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடந்தால் செலவு வேறு.

வயர்மேன்_வேலந்தாவளம்:
டீச்சர், ஒரு திருத்தம். கரண்ட், கேஸ் இரண்டுக்கும் மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வாயையும் கையையும் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

முதலில் பாயிண்ட். சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர் (நம்ம பக்கம் இன்னும் 5, 15 என்றே சொல்கிறோம்). நம் வோல்டேஜ் 230. 230 × 6 = 1380. ஆக, சின்ன பாயிண்டில் 1380 வாட்ஸுக்கு மேல் எதையும் மாட்டக் கூடாது. அயர்ன் பாக்ஸ் 1000 வாட்ஸ், மாட்டலாம். ஹீட்டர் ராடு, எலக்ட்ரிக் கெட்டில் பெரும்பாலும் 1500 வாட்ஸ், மாட்டக் கூடாது. விடுதியில் நடப்பது என்ன? ராடுக்கு ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி, சின்ன பாயிண்டில் சொருகி, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று செல்போன் சார்ஜரும் மாட்டுவார்கள். பிளக் பின்னும் உள்ளே இருக்கும் பித்தளையும் இறுகப் பிடிக்காத இடத்தில் சூடு ஏறும், பிளாஸ்டிக் இளகும், பிடிப்பு இன்னும் தளரும், சூடு இன்னும் ஏறும். பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சுடக் கூடாது. சுட்டால் அந்த பாயிண்டை அன்றோடு விட்டுவிட வேண்டும். பிளக் பின்னின் ஓரம் பழுப்பாகத் தெரிந்தாலும் அப்படியே.

ஹீட்டர் ராடு கட்டாயம் வேண்டும் என்றால் வரிசை இது: பிளாஸ்டிக் வாளி, ராடில் உள்ள கோடு வரை தண்ணீர், ராடை உள்ளே வை, அதன் பிறகு பிளக், கடைசியில் சுவிட்ச். எடுக்கும்போது தலைகீழ்: சுவிட்ச் ஆஃப், பிளக்கைக் கழற்று, அப்புறம்தான் தண்ணீரில் விரல். "ஆஃப் பண்ணிட்டேனே" என்று பிளக்கைக் கழற்றாமல் விரலை விடுவதில்தான் ஆபத்து. சுவிட்ச் தவறாக நியூட்ரலில் கொடுக்கப்பட்டிருந்தால், ஆஃப் செய்த பிறகும் ராடில் கரண்ட் நிற்கும்.

அடுத்து எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) விழுந்தால்: உடனே தூக்கிவிடாதே. அந்த அறையின் எல்லா சுவிட்சையும் அணை, பிளக்குகளைக் கழற்று, எம்சிபியைத் தூக்கு. நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வா. எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் அணைந்திருக்கும்போதே விழுந்தால் வயரிங்கில் கோளாறு, ஆளைக் கூப்பிடு. ஆர்சிசிபி (ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள்) விழுந்தால் எங்கோ கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள்ளேயே அறுத்துவிட வேண்டிய கருவி அது. அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்யச் சொல்லும் வீட்டுக்காரர் இருந்தால் அந்த வீடே வேண்டாம். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடக் கூடாது. மெயினை அணை. மெயின் எங்கே என்று போன முதல் நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

கோபாலபுரம்_மெஸ்:
கேஸ் பற்றி நான் சொல்கிறேன். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே வந்து 1906-க்குப் போன் செய். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசல் கதவைத் திறக்க வேண்டும். கசிவைப் பார்க்கச் சோப்பு நுரை. தீக்குச்சி கிடையாது.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் ஏ, பி, சி, டி எழுத்தில் ஒன்றும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். இலக்கம் வருடம். அடுத்த பரிசோதனைக்கு உரிய காலம் அது. கடந்திருந்தால் திருப்பி அனுப்பலாம். ரப்பர் டியூபை 5 வருடத்தில் மாற்ற வேண்டும், தேதி டியூபிலேயே அச்சாகியிருக்கும்.

இனி சோறு. நம் பிள்ளைகளுக்கு இரண்டு அரிசியும் தெரிய வேண்டும், கேரளப் பக்கம் மட்டை, தமிழ்நாட்டுப் பக்கம் பொன்னி. பொன்னிப் புழுங்கல்: அரை மணி ஊறல், ஒன்றுக்கு மூன்று தண்ணீர், குக்கரில் 4 விசில். பச்சரிசி: ஒன்றுக்கு இரண்டரை, 3 விசில். பாலக்காட்டு மட்டையைப் பொன்னி மாதிரி வைத்தால் வெளியே வெந்து நடுவில் கல்லாக இருக்கும். மேல் தவிடு முழுக்கப் போகாத அரிசி, தண்ணீர் உள்ளே இறங்க நேரம் எடுக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, குக்கர் என்றால் ஒன்றுக்கு நான்கு, ஆறு விசில். பானை என்றால் தாராளத் தண்ணீரில் முக்கால் மணி வேகவிட்டுக் கஞ்சியை வடிப்பதே நல்லது. அரிசி பழசா புதுசா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும், முதல் தடவை ஒரு ஆழாக்கில் வைத்துப் பார்க்கட்டும்.

குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவே கூடாது. அரிசி, பருப்பு என்றால் பாதிதான். பருப்பு நுரைத்து வெயிட் துளையை அடைக்கும். மூடியை வெளிச்சத்தில் தூக்கி அந்தத் துளை வழியாக வானம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வெயிட்டைத் தூக்கினால் சீறுகிறது என்றால் ஆவி இருக்கிறது, மூடியோடு மல்லுக்கட்டாதே.

மீந்த சோறு, பார்சல் பிரைட் ரைஸ் இவற்றை ராத்திரி முழுக்க மேசையில் வைத்துக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிடுவது விடுதி வழக்கம். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வெந்த சோற்றில் பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் மீதம் வைக்காத அளவில் வாங்கு.

கொழிஞ்சாம்பாறை_அப்பா:
எல்லாம் சரிங்க. ஆனால் நீட், ஜேஇஇ கோச்சிங்கில் இருக்கும் பிள்ளைக்கு மட்டை அரிசி ஊறவைக்க நேரம் எங்கே? சம்பாதிக்க ஆரம்பித்தால் எல்லாம் தானாக வரும்.

மீனாட்சிபுரம்_டீச்சர்:
அரை மணி நேர வேலை, வாரத்தில் இரண்டு நாள். அரிசி ஊறும்போது பிள்ளை படித்துக்கொண்டே இருக்கலாம் சார். ஆதார் விரல் ரேகையும் சர்ட்டிபிகேட் பெயரும் தானாக வராது. அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியே ஆக வேண்டும். அக்ஷயாவில் (கேரள அரசின் இ-சேவை மையம்) இருப்பவர்கள் எழுதுங்கள்.

அக்ஷயா_மேசை:
எல்லைப் பிள்ளைகளுக்கு மிகவும் அடி விழும் இடம் இது, விரிவாகவே சொல்கிறேன்.

பெயர். கேரளத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுவோம், தமிழ்நாட்டில் முன்னால். பான் கார்டு விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் இடத்தில் இனிஷியல் ஏற்காது, அப்பா பெயரை முழுதாக விரிக்க வேண்டும். இப்படி ஒரே பிள்ளைக்கு எஸ்எஸ்எல்சியில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பானில் ஒன்று என்று மூன்று பெயர். கல்விக் கடன், ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட் எல்லாம் இதில் முட்டி நிற்கும். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை மூலமாக வைத்து மற்றதை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரப்பட்டு வீணாக்காதீர்கள்.

விரல் ரேகை. 5 வயதிலும் 15 வயதிலும் பயோமெட்ரிக் புதுப்பிக்க வேண்டும். 15 தாண்டியும் செய்யாத பிள்ளைகள் நிறைய. 17 வரை கட்டணமில்லை. செய்யாவிட்டால் வங்கியிலோ தேர்வு மையத்திலோ விரல் ஒத்துப்போகாது. அதே நாளில் மொபைல் எண்ணையும் பாருங்கள். அப்பாவின் பழைய எண்ணோ, அணைந்துபோன சிம்மோ இருந்தால் ஓடிபி யாருக்கோ போகும்.

சாதிச் சான்று. தமிழ் பேசினாலும், சொந்தக்காரர் எல்லாரும் பொள்ளாச்சியில் இருந்தாலும், கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்று தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மறுபக்கமும் அப்படித்தான். ஒதுக்கீடு அந்தந்த மாநிலத்தோடு கட்டப்பட்டது. ஒரே சாதி இங்கே ஒரு பட்டியலிலும் அங்கே வேறு பட்டியலிலும் இருக்கலாம். கவுன்சிலிங் நாளில் இது தெரிந்து அழுவதைவிட இப்போதே நேட்டிவிட்டி எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிடுங்கள். மத்திய அரசுக் கல்லூரி என்றால் மத்தியப் பட்டியல்தான் கணக்கு. ஓபிசி பிள்ளைகளுக்கு நான்-கிரீமிலேயர் (வசதியான பிரிவில் வராதவர் என்ற) சான்று ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும்.

அசல் சான்றிதழ். டி.சி.யைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். போர்டு மாறிப் போகும்போது மைக்ரேஷன் சான்றும் கேட்கும். மார்க் லிஸ்டின் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது 2018-லேயே யூஜிசி சொன்ன விதி. எதைக் கொடுத்தாலும் எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றி வைப்பதைப் பிள்ளையே செய்யட்டும்.

இன்னொன்று, கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பெயர், முகவரி, தேதி, கேட்பது என்ன, இணைப்பு என்ன என்று ஒரு பக்க மனுவைப் பிள்ளை தானே எழுதிப் பழகினால் பிறகு யாரிடமும் கைநீட்ட வேண்டாம்.

கவுண்டர்_மூன்று:
வங்கிப் பக்கம். மைனர் கணக்கு 18 முடிந்ததும் தானாகப் பெரியவர் கணக்கு ஆகாது. புதுக் கையெழுத்து, ஆதார், பான் கொடுத்து மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் கணக்கு முடங்கும். அது பெரும்பாலும் பீஸ் கட்டும் நாளில்தான் தெரியவரும். மைனராக எடுத்த பானில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது, அதையும் புதுப்பிக்க வேண்டும். செலான் எழுதுவது, செக்கில் தொகையை எழுத்தால் எழுதிப் பக்கத்தில் கோடு இழுப்பது, பாஸ்புக் பதிவது ஆகியவற்றைப் பிள்ளை ஒரு காலைப்பொழுதில் கிளைக்குப் போய்ச் செய்துவிட்டு வரலாம்.

இரண்டு மாநிலத்திலும் கல்லூரி வாசலில் நடக்கிற ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "உன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பார்கள். அல்லது "உன் கணக்குக்குப் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் வைத்துக்கொள்" என்பார்கள். அது எங்கோ ஒரு முதியவரிடம் ஏமாற்றிய பணம். அவர் புகார் கொடுத்ததும் பணம் போன ஒவ்வொரு கணக்கும் முடக்கப்படும். வேறு மாநிலப் போலீஸ் தேடி வரும்போது பேரும் முகவரியும் உங்கள் பிள்ளையுடையது.

கொழிஞ்சாம்பாறை_அப்பா:
கமிஷன் வாங்காமல் நண்பனுக்கு உதவியாகக் கணக்கைக் கொடுத்தால்?

கவுண்டர்_மூன்று:
அதேதான் சார். காசு வாங்கவில்லை என்று பிற்பாடு நிரூபிக்கலாம், அதுவரை கணக்கு திறக்காது.

யூபிஐ: பணம் வாங்க பின் (ரகசிய எண்) தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் பணம் போகப்போகிறது. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டே அறையில் உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்த வங்கி. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். வீட்டில் திட்டுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் ஒரு நாள் மறைப்பார்கள், பணம் முழுதாகப் போவது அந்த ஒரு நாளில். திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போன் தொலைந்தால் வரிசை: வேறு போனிலிருந்து சிம்மை முடக்கு, வங்கியைக் கூப்பிட்டு யூபிஐ முடக்கு, போலீஸில் புகார், அதன் பிறகு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) முடக்கம். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ வரும், இன்றே எழுதி வீட்டில் வையுங்கள்.

வட்டிக் கணக்கும் வேண்டும். நம் ஊரில் மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடம் 36 சதவீதம். கிரெடிட் கார்டில் மாதம் 3.5 என்று சின்னதாக எழுதியிருப்பது வருடத்துக்கு 42. அந்த மூணு வட்டியைவிட அது அதிகம் என்று பிள்ளை பேனா பிடித்துப் போட்டுப் பார்க்கட்டும்.

சிஸ்டர்_சித்தூர்:
மருந்து, காயம். சுருக்கமாக எழுதுகிறேன், ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம்.

பாராசிட்டமால் 500 மில்லிகிராம்: வளர்ந்த பிள்ளைக்கு ஒன்று அல்லது இரண்டு, அடுத்தது குறைந்தது 4 மணி நேரம் கழித்து, 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரையைத் தாண்டவே கூடாது. சளி மாத்திரையிலும் பெரும்பாலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. பின்பக்கம் வாசிக்காமல் இரண்டையும் போட்டால் கல்லீரல் கெடும். மழைக்காலக் காய்ச்சல் இங்கே டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம், அதனால் உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் சொந்தமாக வாங்கக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும்.

வயிற்றுப்போக்கு: ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீரில். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. கடையில் ஓஆர்எஸ் என்ற பேரில் விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பேரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. லேபிளில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள்.

நாய்க்கடி: ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வேண்டாம். அன்றே முதல் ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலினும் கேட்க வேண்டும். "நம்ம விடுதி நாய்தானே, குட்டிதானே" என்று விடுவது உயிர் போகும் தப்பு.

தீக்காயம்: 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், ஐஸ் இரண்டும் வேண்டாம். பாம்பு: கட்டாதே, கீறாதே, கையையோ காலையோ அசைக்காமல் 108.

மனது தாங்காத நாளில் கூப்பிட 14416, டெலி மனஸ், இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். இந்த எண்ணைப் பிள்ளையின் போனில் நீங்களே போட்டுக் கொடுங்கள். கேட்காமல் போட்டு வையுங்கள்.

வயர்மேன்_வேலந்தாவளம்:
வண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 18 ஆகாத பிள்ளையிடம் அப்பாவின் பைக்கைக் கொடுத்தால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் வரலாம். வண்டியின் ஆர்சி (பதிவுச் சான்று) 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 ஆனதும் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட் போகலாம், எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். விடுமுறைக்கு வரும் தேதியை இதற்கேற்பக் கணக்குப் பண்ண வேண்டும்.

அக்ஷயா_மேசை:
வாக்காளர் பட்டியலும் அப்படித்தான். படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாள், 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். விடுதி முகவரியிலோ வீட்டு முகவரியிலோ ஒரே இடத்தில்தான். எல்லையில் இரண்டு பக்கமும் பெயர் வைத்திருப்பது பெருமை இல்லை, குற்றம்.

கொழிஞ்சாம்பாறை_அப்பா:
சரி, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கே ஆதாரிலிருந்து ஆரம்பிக்கிறோம். எஸ்எஸ்எல்சியில் மகன் பெயர் அப்பா பெயரோடு விரித்து இருக்கிறது, ஆதாரில் இனிஷியல் மட்டும். பான் இன்னும் எடுக்கவில்லை. எதை முதலில் செய்வது?

அக்ஷயா_மேசை:
பானைத் தொடாதீர்கள். முதலில் ஆதார் மையத்தில் நேரம் பதிவு செய்து, எஸ்எஸ்எல்சி புத்தகத்தின் அசலோடு போங்கள். பெயர், விரல் ரேகை, மொபைல் எண் மூன்றையும் ஒரே வரவில் முடித்துவிடலாம். ஊழியர் டைப் செய்ததும் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வொரு எழுத்தாகப் புத்தகத்தோடு மகனே ஒத்துப் பார்க்கட்டும், பிறகு சம்மதம் சொல்லட்டும். ரசீதில் உள்ள எண்ணை வைத்து நிலவரம் பார்க்கலாம். புதிய ஆதார் இறங்கிய பிறகு அதே பெயரில் பான், அதன் பிறகு வங்கி. மகனை வரிசையில் நிற்க வையுங்கள், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள் சார்.